ஆர்12-ஐ ஏன் பிடிக்க வேண்டும்?

"அந்தக் காலத்தில எங்கட ஊரில கரண்டே இல்லை சேர். ஓசோனில ஓட்டை போட்டது வேற ஆக்கள். நாங்கள் ஏன் இதைப் பிடிச்சு மினக்கெட வேணும்?"

பழைய பிரிட்ஜ் ஒன்றில் குளிரூட்ட இருந்த, ஓசோனை அழிக்கிற ஆர்12 காஸைத் திறந்துவிடாமல் சிலிண்டருக்கு ஏற்றச் சொன்னபோது, பரந்தன் பக்கத்துப் பெடியன் ஒருவன் கேட்டது. நான் காற்றோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் கேட்டதற்கு அது பதில்தானா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

சொன்னதில் பிழையில்லை. இந்த காஸ் கீழ்வளியில் அழியாது. எந்த நாட்டில் விட்டாலும் காற்றோடு கலந்து உலகம் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் ஓசோன் இருக்கும் மேல்வளியான படைமண்டலத்துக்குள் ஏறுவது பெரும்பாலும் மத்தியகோட்டை ஒட்டிய வானத்தால்தான். அங்கே 16, 17 கிலோமீற்றர் உயரத்தைத் தாண்டி, மிக மெதுவாக மேலே போகும். மேலே கழியூதாக் கதிர் அதை உடைக்க, குளோரின் வெளிவரும். அந்த வளி பிறகு முனைவுப் பக்கம் நகர்ந்து கீழிறங்கும். 1929இல் டொப்சன் என்ற விஞ்ஞானி ஓசோனை அளந்து இப்படி ஒரு ஓட்டம் இருக்கலாம் என்று நினைத்தார். 1949இல் புரூவர் என்ற இன்னொருவர் நீராவியை வைத்து அதே முடிவுக்கு வந்தார். ஓசோன் கூடுதலாக உருவாவது எங்கள் பக்க வானத்தில். இந்த ஓட்டம் அதை அள்ளிக்கொண்டு போவதால் எங்கள் தலைக்கு மேல் எப்போதும் மெல்லிய படைதான். துவாரம் விழுந்ததோ அந்தாட்டிக்காவில், அங்குள்ள கடுங்குளிர் முகில்களில் அந்தக் குளோரின் வீரியம் பெறுவதால்.

"அப்ப அவையள் விட்டதும் எங்கட தலைக்கு மேலாலயோ போனது?" என்றான். ஓம், அதிலும் ஒரு பங்கு என்றேன். பேசாமல் குழாயைப் பூட்டினான்.

விளங்கித்தான் பூட்டினானா, சேர் சொல்லிவிட்டாரே என்றா? அவன் கேட்டது நியாயத்தை. ஆர்12 வளியில் ஏறத்தாழ நூறு வருடம் இருக்கும்; யார் விட்டது என்று பார்த்து அது ஓசோனை அழிப்பதில்லை. அதனால் நான் சொன்னது போதும் என்று சில நாள் தோன்றும். ஆனால் இந்த மாதிரி காஸ்களை நிறுத்த உலக நாடுகள் செய்த 1987இன் மொன்றியல் உடன்படிக்கையே, அதற்கு வளர்முக நாடுகளுக்குப் பத்து வருடத் தவணை கொடுத்தது. அவன் கேட்ட நியாயம் அங்கே எழுத்திலேயே இருக்கிறது. அதை அன்று சொல்லியிருந்தால், "அப்ப விடலாம்தானே" என்றிருப்பான். தவணையும் நாட்டுக்குத்தான்; கரண்ட் இல்லாமல் இருந்த வன்னிக்கு என்று தனியாக ஒன்றும் இல்லை.

இப்போது புதிய பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்கிறேன். காஸைப் பிடிக்கவும் சொல்கிறேன். தவணையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், அவனுக்கு இதைச் சொல்லாமல் அனுப்பியது சரிதானா என்ற யோசனை வந்துவிடுகிறது.