மணி பார்த்தே களைத்துப்போன சர்வர்

ஒரே மாதிரி வாங்கிய சர்வர்களில் ஒன்று மட்டும் இழுத்தது. டிஸ்க், நெட்வொர்க் என்று வழக்கமான சந்தேகங்கள் எல்லாம் பொய்த்த பிறகு, சிபியு நேரம் எந்த ஃபங்ஷனில் போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியைப் போட்டுப் பார்த்தோம். பட்டியலில் முதலில் நின்ற ஃபங்ஷன் ரீட் ஹெச்பெட்; ஹெச்பெட் என்ற ஹார்டுவேர் கடிகாரத்தைப் படிப்பது அதன் வேலை. அதாவது, சிபியு தன் நேரத்தை மணி பார்ப்பதிலேயே செலவழித்துக்கொண்டிருந்தது!

இன்றைய எக்ஸ்86 லினக்ஸ் மெஷின்களில் நேரம் பெரும்பாலும் டிஎஸ்சி என்ற, ப்ராசஸரின் துடிப்புகளை எண்ணும் கவுண்டரிலிருந்துதான் வரும். 1993-ல் பென்டியத்தோடு வந்தது, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனில் படித்து, கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) தயாராக வைத்திருக்கும் எண்ணால் பெருக்கி, சில பிட்டுகள் வலப்பக்கம் நகர்த்தினால் நானோசெகண்ட் கிடைத்துவிடும். இந்தக் கணக்கை அப்ளிகேஷனுக்குள்ளேயே செய்ய விடும் விடிஎஸ்ஓ இருப்பதால் இதற்குக் கர்னலுக்குள் போகவே வேண்டாம்.

ஹெச்பெட்டோ ப்ராசஸருக்கு வெளியே, மதர்போர்டின் சிப்செட்டில் இருக்கிறது. முதலில் கர்னலுக்குள் போகும் சிஸ்டம் கால், அப்புறம் ப்ராசஸர் வெளியே கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா நிற்க வேண்டும். எங்கள் அப்ளிகேஷனோ ஒவ்வொரு லாக் (நிகழ்வுப் பதிவு) வரிக்கும் நேரம் கேட்கும்.

எங்கள் சர்வரில் டிஎஸ்சி கைவிடப்பட்டு ஹெச்பெட் வந்தது ஏன்? கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் ஒரே வரி: டிஎஸ்சி நிலையற்றது. கர்னலின் வாட்ச்டாக் அதை இன்னொரு கடிகாரத்தோடு அரை செகண்டுக்கு ஒருமுறை ஒப்பிடும், ஒத்துப்போகாவிட்டால் தள்ளிவைத்துவிடும். பழைய ப்ராசஸர்களில் இந்தக் கவுண்டர் வேகம் மாறும், தூக்கத்தில் நின்றுபோகும், கோருக்குக் கோர் வேறுபடும். அதனால் அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. ஆனால் எங்கள் மெஷினில், வேகம் மாறாது, தூக்கத்திலும் நிற்காது என்று ப்ராசஸர் சொல்லும் கான்ஸ்டன்ட், நான்ஸ்டாப் இரண்டு ஃப்ளாகும் இருந்தன.

ஒப்பிட்டுப் பார்க்காமல் டிஎஸ்சியை நம்பிவிடு என்று கர்னலுக்குச் சொல்ல, பூட் வரியில் ‘டிஎஸ்சி ரிலையபிள்’ என்று போட்டுவிடலாம் என்றார் ஒரு நண்பர். எனக்கு அதில் உடன்பாடில்லை. குற்றம் சொல்பவன் வாயை அடைப்பதுபோல அது. பயாஸ் அப்டேட் போட்டோம்; அந்த ‘நிலையற்றது’ வரி திரும்ப வரவில்லை.

சரி, லாக் வரிக்கு நானோசெகண்ட் எதற்கு? ரியல்டைம் கோர்ஸ் என்ற கடிகாரம் ஹார்டுவேரைத் தொடாமல் கர்னல் சீரான இடைவெளியில் அடிக்கும் டிக்குகளில் கடைசி டிக்கின் நேரத்தையே தரும். எங்கள் கர்னலில் டிக் 250 ஹெர்ட்ஸ், அதாவது 4 மில்லிசெகண்டுக்கு ஒன்று. லாக்கை அதற்கு மாற்றினோம். 4 மில்லிசெகண்ட் பிசகுகிறது என்று இதுவரை யாரும் புகார் டிக்கெட் போடவில்லை.