கல்லாறு தாண்டினால் நின்றுவிடும் கார்

மேட்டுப்பாளையத்தில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு குன்னூருக்குக் கிளம்பினால், மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாறு வரை என் பழைய கார் ராஜா மாதிரி வரும். கொண்டை ஊசி வளைவு மூன்று நான்கு ஏறியதும் இருமும், இழுக்காது, அப்படியே நின்றுவிடும். கால் மணி நேரம் குரங்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். போன மாதம் மட்டும் மூன்று முறை. பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டி "ரெண்டு பேரா தூக்கி ஓரமா வெச்சிருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

1965 மாடல் ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2. 1147 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு. மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம், ஹெரால்டின் அடிச்சட்டமான சேஸியைக் குட்டையாக்கி அதன்மேல் உட்காரவைத்த கார் இது. அதனால் சில சாமான்கள் சென்னையில் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் வாங்கினேன். பதினொரு வருடம் குன்னூரில் ஒரு ஷெட்டில் தூங்கிய வண்டி.

தூங்கிய வண்டியை எழுப்ப நான் செய்த முதல் தப்பு கார்புரேட்டரில் கை வைத்தது. எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள், பார்க்க அழகாக இருக்கிறதே! இரண்டையும் கழற்றி, பிஸ்டனைத் துடைத்து, புது ஊசி, புது ஜெட், புது கேஸ்கெட் எல்லாம் போட்டேன். பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று சுத்தமாக விழவேண்டும், விழுந்தது. இரண்டே நாளில் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பர் வழிய ஆரம்பித்தது. திறந்தால் பெட்ரோலை நிறுத்தும் ஊசி உட்காரும் இடத்தில் மிளகாய்த்தூள் மாதிரி துரு.

மெக்கானிக் அண்ணனிடம் புலம்பினேன். "தொட்டியில பாசிய வெச்சுக்கிட்டு குழாயைத் தேய்ச்சா ஆச்சுங்களா தம்பி?" என்றார். சரி, டேங்க். சீட்டுக்குப் பின்னால், டிக்கிக்குள் நிற்கும். கழற்றிக் கவிழ்த்தபோது வந்தது பெட்ரோல் இல்லை, வார்னிஷ் வாடை அடிக்கும் டிகாஷன். நிறைய வெந்நீர் விட்டு அலசி, ஒரு பிடி நட்டுகளை உள்ளே போட்டு இரண்டு பேர் பிடித்துக் குலுக்கினோம், பிறகு எலுமிச்சை உப்பைக் கரைத்து இரண்டு நாள் ஊறவைத்து, சமையல் சோடாத் தண்ணீரில் கழுவினேன். உள்ளே வெள்ளிப் பாத்திரம் மாதிரி ஆனது. ஆனால் அது நவம்பர். குன்னூர் நவம்பரில் துவைத்த சட்டையே நான்கு நாள் காயாது, காலையில் பார்த்தால் மறுபடி செம்மண் நிறம். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் நண்பனிடம், இலை வாட்டும் இடத்தில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளேன் என்று கேட்டேன். அவன் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. இரண்டாவது முறை, பெட்ரோல் வாடை துளிகூட இல்லை என்று உறுதியான பிறகு, மனைவியின் ஹேர் ட்ரையரால் காயவைத்து, சூடு ஆறியதும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு ஊற்றும் 2டி ஆயிலை ஊற்றி உள்ளே சுழற்றிவிட்டேன். அதற்கப்புறம் துரு வரவில்லை.

அடுத்தது ரப்பர். 2023இல் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு பழைய கார்களுக்கு இதுதான் தலைவலி. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து உப்பவைக்கும், காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். புதுப்பேட்டையில் வாங்கிய ஹெரால்டு பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் (பம்ப்புக்குள் மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுக்கும் ரப்பர் தகடு) ஆசையாகத்தான் இருந்தது, 'பழைய ஸ்டாக், ஒரிஜினல்' என்று கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் அப்பளம் போல நெளிந்துவிட்டது. என்னைக் கேட்டால் ரப்பரில் மட்டும் ஒரிஜினல் மோகம் வேண்டாம். எத்தனால் தாங்கும் டயாஃப்ரம் இங்கிலாந்திலிருந்து வந்தது, ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கும் ஆர்9 தரம்.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் அந்தக் கல்லாறு கதை. முதலில் உயரத்தைச் சந்தேகப்பட்டேன். குன்னூர் ஏறத்தாழ 1850 மீட்டர், காற்று அடர்த்தி குறைவு, அதனால் கீழே சரியாக இருக்கும் மிக்சர், அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவை, இங்கே பெட்ரோல் அதிகமாகி ப்ளக்கில் கரி பிடிக்கும். உண்மைதான், கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைக்க ஜெட் நட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றிச் சரிசெய்தேன். ஆனால் மிக்சர் கோளாறு கால் மணி நேரம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடுமா? அப்படியானால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறது என்று மெக்கானிக் அண்ணன் பம்ப் மேல் ஈரச்சாக்கு போடச் சொன்னார். போட்டேன். அதே இடத்தில் நின்றது.

அன்றைக்குக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தேன். பம்ப் தலையில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணம் காலி. கையால் அடிக்கும் லீவரை எத்தனை அடித்தாலும் ஒரு சொட்டு ஏறவில்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறக்கப் போனால் மூடி வரமாட்டேன் என்கிறது. பிடித்து இழுத்ததும் 'உஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. திரும்பி வந்து லீவரை ஐந்து அடி அடித்தேன், கிண்ணம் நிறைந்துவிட்டது.

இந்தக் காரின் மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே வரவேண்டும், இல்லையென்றால் டேங்க்கே பம்ப்பை எதிர்த்து உறிஞ்சும். நிரம்பிய டேங்க்கில் காற்றுக்கு இடமே இல்லாததால் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். ஊருக்குள் நான் ஐந்து லிட்டர் போட்டு ஓட்டியபோதெல்லாம் ஏன் நிற்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. துளையை அடைத்தது யார்? பளபளவென்று இருக்கட்டும் என்று மூடியைக் கோயம்புத்தூரில் பாலிஷ் போடக் கொடுத்தவன் நான்தான், பாலிஷ் பசை உள்ளே காய்ந்து கல்லாகியிருந்தது.

தையல் ஊசியால் குத்தி எடுத்தேன். அதற்குப் பிறகு நான்கு முறை முழு டேங்க்கோடு ஏறிவிட்டேன், எங்கும் நிற்கவில்லை. துளையைச் சுற்றி ஊசிக் கீறல் விழுந்து அசிங்கமாக இருக்கிறது, அதை மறுபடி பாலிஷுக்குக் கொடுப்பதாக இல்லை.