தாமஸ் ஐயரைத் தேடப் போய்

மெஞ்ஞானபுரத்தில் இருக்கிற அத்தை போன மாதம் போன் பண்ணி, “ஏல, கோயில் பண்டிகைக்கு நோட்டீஸ் அடிக்கோம், தாமஸ் ஐயரப் பத்தி நாலு வரி எழுதித் தா, நீதான் கம்ப்யூட்டர்லயே கெடக்கியே” என்றார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் அந்தக் காலத்து வெள்ளைக்கார மிஷனரிகளை ஐயர் என்றுதான் சொல்வார்கள். ரேனியஸ் ஐயர், தாமஸ் ஐயர், இப்படி. ஜான் தாமஸ் ஐயர் வேல்ஸ்காரர். 1844-ல் அஸ்திவாரம் போட்டு 1847-ல் பிரதிஷ்டை பண்ணிய பரிசுத்த பவுல் ஆலயம் அவர் கட்டியது. கோபுரம் 192 அடி. பனைகளுக்கு மேலே அது மட்டும் தனியாகக் குத்திக்கொண்டு நிற்கும், சின்ன வயதில் பஸ் ஜன்னலில் அதை முதலில் யார் பார்ப்பது என்று எங்களுக்குள் போட்டியே நடக்கும்.

சரி, எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து, ஜான் தாமஸ் என்று தேடி, கோதிக் கட்டடம், வேல்ஸ் வம்சம், விக்டோரியா காலம் எல்லாம் பொருந்துகிறதே என்று நாலு வரி தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் அத்தை குரல்.

“ஏ, 1862-ல செத்துப்போனவரு எப்பிடில 1870 வரைக்கும் எங்க ஊர்ல பிரசங்கம் பண்ணாரு?”

பார்த்தால் ஆளே வேறு. நான் எழுதி அனுப்பியது லண்டனில் கல் செதுக்கிய ஜான் தாமஸைப் பற்றி. அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு அப்புறம் சரியான தாமஸ் ஐயரைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் இந்த இன்னொரு தாமஸ் என்னை விடவில்லை. ஒரு வாரமாக அவர் பின்னாலேயே அலைகிறேன், அதனால்தான் இந்தப் பதிவு.

1813-ல் குளோஸ்டர்ஷயரில் சால்ஃபோர்ட் என்கிற ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தகப்பன் இல்லை. கல் வேலைக்காரர் ஒருவரிடம் தொழில் பழக விட்டார்கள். அப்புறம் பர்மிங்காமில் கட்டடக் கலைஞராக இருந்த அண்ணன் வில்லியமிடம் போய்ச் சேர்ந்தார் (இந்த அண்ணன் பின்னால் கனடா போய் டொராண்டோவில் செயின்ட் லாரன்ஸ் ஹால் கட்டினார், அது தனிக்கதை). அந்த நேரம் சார்லஸ் பேரி பர்மிங்காமில் ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தார், கிங் எட்வர்ட் பள்ளி. தாமஸின் கை வேலை பேரியின் கண்ணில் பட்டது, அந்தப் பள்ளிக்கூடத்துச் செதுக்கு வேலையில் சேர்த்துக்கொண்டார். தாமஸுக்கு அப்போது இருபது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

அந்த ஒரு அறிமுகம்தான் வாழ்க்கை முழுக்கச் சோறு போட்டது. 1834 அக்டோபர் 16-ம் தேதி ராத்திரி லண்டன் பாராளுமன்றம் எரிந்துபோனது. புதிதாகக் கட்டுவதற்கு வைத்த போட்டியில் ஜெயித்தவர் அதே பேரி. நுணுக்க வேலைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் பியூஜின். கல் செதுக்கும் வேலை முழுவதையும் பேரி ஒப்படைத்தது தாமஸிடம். தேம்ஸ் ஆற்றைப் பார்த்த அந்த நீள முகப்பை எல்லோரும் படத்தில் பார்த்திருப்போம். அதில் முதலாம் வில்லியம் தொடங்கி விக்டோரியா வரை ஒவ்வொருவருடைய சின்னமும் கல்லில் இருக்கிறது, சுவர் நெடுக ராஜாக்களும் ராணிகளும் நிற்கிறார்கள். அந்தச் சிலை வேலைக்கெல்லாம் தலை தாமஸ்தான். அவரே உட்கார்ந்து அத்தனையையும் கொத்தியிருக்க முடியாது, அது மனுஷனால் ஆகிற காரியமில்லை. அவர் மாதிரி பண்ணிக் கொடுப்பார், அதைப் பார்த்து அளவெடுத்து மற்றவர்கள் கல்லில் இறக்குவார்கள். நம் ஊர் ஸ்தபதியும் அவருக்குக் கீழே இருக்கிற ஆட்களும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்த இடம்தான் உறுத்தியது. பாராளுமன்றம் என்றால் பேரி பெயர் வரும், கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் பியூஜின் பெயரைச் சொல்வார்கள். தாமஸ் பெயர் யாருக்கும் தெரியாது என்று அவருக்காகப் பரிந்து பேசலாம் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். ஆனால் தாமஸுக்குக் கீழே வெயிலிலும் குளிரிலும் நின்று கொத்தினவர்கள் யார்? 1841-ல் அங்கே வேலை பார்த்த கல் கொத்தர்கள் மேஸ்திரியின் கெடுபிடி தாங்காமல் உளியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்கள். வேலை நிறுத்தம் அடுத்த வருஷம் வரைக்கும் இழுத்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? தாமஸுக்குக் கிடைத்த பெயராவது அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால் கல்லே ஏமாற்றிவிட்டது. எந்தக் கல் நல்லது என்று பார்க்க ஒரு குழுவே ஊர் ஊராகக் குவாரிகளைச் சுற்றியது. அதில் புகழ்பெற்ற புவியியல்காரர் வில்லியம் ஸ்மித்தும் உண்டு. கடைசியில் யார்க்ஷயர் பக்கம் ஆன்ஸ்டன் என்கிற இடத்துக் கல்லை எடுத்தார்கள். மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல். மிருதுவானது, தேன் நிறம், செதுக்கச் சுகமாக இருக்கும். ஆனால் லண்டனில் அப்போது வீட்டுக்கு வீடு நிலக்கரிப் புகை. அந்தப் புகையில் இருக்கிற கந்தகம் மழையோடு சேர்ந்தால் அமிலம், அது சுண்ணாம்புக்கல்லைத் தின்ன ஆரம்பித்தது. குவாரியில் கல் எந்தப் படுகையில் கிடந்ததோ அதே வாக்கில் கட்டடத்தில் வைக்க வேண்டும், அந்தக் கவனமும் பல கல்லுக்கு இல்லை. கட்டடம் முடிவதற்கு முன்பே சில இடங்களில் உதிர ஆரம்பித்துவிட்டது. 1930-களில் கிளிப்ஷம் என்கிற வேறு கல்லைக் கொண்டுவந்து மாற்றினார்கள். இப்போது போய் வெளிச்சுவரைப் பார்த்தால், தாமஸ் காலத்துக் கை பட்டது எது, பின்னால் வந்தவர்கள் மாற்றி வைத்தது எது என்று நம்மைப் போன்றவர்களுக்குப் பிரித்துச் சொல்ல முடியாது.

இதைப் படித்த வாரமே மெஞ்ஞானபுரம் போக வேண்டியிருந்தது, போகிற வழியில் கிருஷ்ணாபுரத்தில் இறங்கிவிட்டேன். திருச்செந்தூர் ரோட்டில் பாளையங்கோட்டை தாண்டியதும் வரும். வெங்கடாசலபதி கோயில், பதினாறாம் நூற்றாண்டு. ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற குறவன், கர்ணன், அர்ஜுனன், ரதி, எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே கருங்கல்லில். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது அவசர அவசரமாகப் பார்த்ததுதான். இந்தத் தடவை ஒரு கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். புறங்கையில் நரம்பு, விரல் நுனியில் நகம், நகத்துக்கும் சதைக்கும் நடுவில் அந்த மெல்லிய கோடு. நானூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கோடு மழுங்கவில்லை. கருங்கல் சுண்ணாம்புக்கல் மாதிரி அல்ல, நாலு அடி அடித்தால் உளி முனை போய்விடும், உலையில் காய்ச்சித் தட்டிக் கூராக்கி மறுபடி வர வேண்டும். அந்த ஒரு கோட்டுக்கு எத்தனை தடவை உலைக்குப் போனாரோ. கட்டியது கிருஷ்ணப்ப நாயக்கர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கோடு போட்டவர் பெயரைச் சொல்ல ஆளில்லை.

தாமஸ் விஷயத்துக்கு வருகிறேன். பாராளுமன்ற வேலை நடக்கும்போதே வேறு இடங்களிலும் மனுஷன் ஓய்வில்லாமல் வேலை பார்த்திருக்கிறார். லண்டன் யூஸ்டன் ஸ்டேஷன் பெரிய ஹாலில் சுதைச் சிற்பங்கள் (1960-களின் தொடக்கத்தில் ஹாலையே இடித்துவிட்டார்கள்), மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் உருவங்கள், கென்சிங்டன் தோட்டத்து நீரூற்று, அரச குடும்பத்துக்காக விண்ட்சரில் ஒரு பால்பண்ணைக் கட்டடத்தின் உள் அலங்காரம். பாராளுமன்றத்தைக் கட்டிய கான்டிராக்டர்களில் ஒருவரான பீட்டோவுக்காக சாமர்லேட்டன் ஹால் என்று ஒரு மாளிகையையே அவர் வடிவமைத்துக் கொடுத்தார், கல் கொத்த ஆரம்பித்த ஆள் கட்டடக் கலைஞராகவும் ஆகிவிட்டார்.

எனக்குப் பிடித்தது வேல்ஸில் இருக்கிற நாலு சிங்கங்கள். மெனாய் ஜலசந்தி மேல் ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டி 1850-ல் திறந்த பிரிட்டானியா ரயில் பாலம், அதன் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. ஒவ்வொன்றும் சுமார் 25 அடி நீளம், 12 அடி உயரம், 30 டன். கல்லும் ஆங்கிள்சி தீவுக் கல்தான். எகிப்து பாணியில் முன்காலை நீட்டிப் படுத்திருக்கும், முகத்தில் ஒரு சலனமும் இல்லை, நம் கோயில் யாளிக்கு இருக்கிற மூர்க்கத்தில் நூறில் ஒரு பங்கு கிடையாது, சோற்றைத் தின்றுவிட்டுத் திண்ணையில் படுத்த மாதிரி இருக்கும். 1970-ல் பசங்கள் சிலர் பாலத்துக்குள் விளையாடப்போய்த் தீப்பிடித்துப் பாலமே வீணாகி, அப்புறம் புதுசாகக் கட்டும்போது ரயிலுக்கு மேலே கார் ரோடு போட்டார்கள். சிங்கங்கள் கீழே ரயில் மட்டத்தில் இருக்கின்றன. மேலே காரில் போகிறவர்களுக்குத் தெரியாது.

1862 ஏப்ரலில் தாமஸ் இறந்துபோனார், ஐம்பது வயதைத் தொடவில்லை. லண்டனுக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஹியூ மிடில்டனுக்கு அவர் செய்த சிலையை இஸ்லிங்டனில் பின்னால் பிரதமரான கிளாட்ஸ்டன் திறந்துவைத்தது அந்த ஜூலையில், மூன்று மாதம் கழித்து.

எங்கள் தெருவுக்கு அம்மி கொத்த ஒருவர் வருவார், தோளில் சாக்குப்பை, உள்ளே நாலு உளி, ஒரு சுத்தியல். சில்லு தெறிக்கும் என்று பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு, வரிசை மாறாமல் புள்ளி புள்ளியாகக் கொத்துவார். முடிந்ததும் ஆச்சியிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி அம்மியைக் கழுவி, தாமரையா மீனா என்று எங்களைக் கேட்பார். மீன் என்போம். நாலே வெட்டில் ஓரத்தில் ஒரு மீன் வந்துவிடும். அதற்குத் தனியாகக் காசு வாங்கியதில்லை. அம்மி இன்னும் வீட்டில் இருக்கிறது, மிக்ஸி வந்தபிறகு பின்வாசலில் துணி துவைக்கப் போட்டிருக்கிறோம், சோப்பு நுரைக்கு அடியில் அந்த மீன் தெரிகிறது. அவர் பெயரை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை, அம்மி கொத்துற தாத்தா, அவ்வளவுதான்.

நோட்டீஸ் அச்சாகிவிட்டது, ஆண்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று அத்தை சொல்லிவிட்டார். அசனத்துக்கு வந்துவிடு, கறிச்சோறு ஆறுவதற்கு முன்னால் வந்து சேர் என்றும் சொல்லியிருக்கிறார்.