வேலூரிலிருந்து நாயோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

நாயைக் காரில் ஏற்றுவதற்கு முன்னால் மணியைப் பாருங்கள். வேலூரைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் மொட்டைப் பாறை மலை. பகலெல்லாம் குடித்த சூட்டை அது ராத்திரியிலும் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் கத்திரி வெயில் நாட்களில் "பொழுது சாய்ந்ததும் கிளம்பலாம்" என்பது தப்புக் கணக்கு. விடியற்காலை நாலு, நாலரைக்குக் கிளம்புங்கள். சென்னை சுமார் 140 கிலோமீட்டர், ஏலகிரி 90. இரண்டுக்குமே வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம். பெங்களூர் 210 கிலோமீட்டர் என்றாலும், கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் பக்கம் ஏறிவிட்டால் காற்றே மாறிவிடும்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மூச்சிரைத்து, வாயிலும் நாக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பக், ஷிட்ஸு மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியும் குறுகல். அவற்றை ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத வண்டியில் ஏற்றவே வேண்டாம்.

டீ குடிக்க நிறுத்தும்போதுதான் பெரும்பாலும் விபரீதம் நடக்கிறது. இன்ஜினை அணைத்து மூடிவைத்த காருக்குள் பத்து நிமிடத்தில் வெளியே இருப்பதைவிடச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. புளியமர நிழலும் அப்படித்தான், சூடு கொஞ்சம் மெதுவாக ஏறும். இருவர் போனால் மாற்றி மாற்றி இறங்குங்கள். தனியாகப் போனால் நாயையும் கூடவே இறக்குங்கள். இறக்குமுன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துபோகும். மண் தரையாகத் தேடி நிறுத்துங்கள்.

நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 104-ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்கிவிட்டது. எச்சில் கெட்டியாகி நூல் நூலாகத் தொங்குவது, ஈறு செங்கல் நிறத்துக்குச் சிவப்பது, நடை தள்ளாடுவது, வாந்தி, இதெல்லாம் அறிகுறி. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் சாதாரணத் தண்ணீரை வயிறு, அக்குள், தொடையிடுக்கில் தொடர்ந்து ஊற்றி விசிறுங்கள். ஐஸ் தேடி அலைந்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு அப்படியே விடுவதும் தப்பு. கொஞ்ச நேரத்தில் அதுவே சூட்டை உள்ளே அடைத்துவைக்கும். 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சூடு அளவுக்கு மீறி இறங்கிவிடும். பிறகு எழுந்து வாலை ஆட்டினாலும் டாக்டரிடம் கொண்டுபோகத்தான் வேண்டும். சிறுநீரகக் கோளாறும் ரத்தம் உறையாமல் போவதும் சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

உட்காரவைக்கும் இடம் பின்சீட்தான். முன்சீட்டில் ஏர்பேக் விரிந்தால் அந்த அடியை நாய் தாங்காது. மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸைப் போட்டு, சீட்பெல்ட் கொக்கியில் மாட்டும் சிறிய வாரை அதில் இணையுங்கள். கழுத்துப்பட்டையில் மாட்டினால் சடன் பிரேக் அடிக்கும்போது கழுத்து முறியலாம். கூண்டு என்றால், எழுந்து நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடம் இருக்க வேண்டும். அதையும் ஆணி அடித்தாற்போல் கட்டிவையுங்கள். இரண்டு வாரம் முன்பே வீட்டில் திறந்து வைத்து, சோறு அதற்குள்ளேயே கொடுத்துப் பழக்குங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு வேட்டை நாய்களை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் தலை கழுத்தைவிடப் பெரிதல்ல. சாதாரணப் பட்டை பின்னோக்கி ஓர் இழுப்பில் கழன்றுவிடும். பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் லாரி ஹாரன் கேட்டு மிரண்டு நெடுஞ்சாலையில் ஓடினால் நீங்கள் பிடிக்கப்போவதில்லை. இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை, ஹார்னஸ், இரண்டிலும் கயிறு வேண்டும். கதவைத் திறப்பதற்கு முன்பே கயிறு கையில் இருக்கட்டும்.

ஏலகிரிக்கு ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவுகள். குட்டிகளுக்குக் காதுக்குள் சமநிலை உறுப்பு முழுதாக வளர்ந்திருக்காது, சுலபமாக வாந்தி வரும். கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். மனிதர்களுக்கான மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், பாராசிட்டமாலும் சேர்த்துத்தான். வாந்தியைத் தடுக்க மாரோபிட்டன்ட் இருக்கிறது. எடைக்கேற்ற அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தண்ணீர், சாதாரண நாளில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி. 25 கிலோ லாப்ரடாருக்கு ஒன்றரை லிட்டர் வரை ஆகும்; வெயிலில் மூன்று லிட்டராக எடுத்துக்கொள்ளுங்கள். வயல் ஓரத்தில் தேங்கிய தண்ணீரில் வாய்வைக்க விடாதீர்கள், எலி மூத்திரம் வழியாக எலிக்காய்ச்சல் வரும்.

ஆம்பூரில் நிறுத்தினால் பிரியாணி உங்களுக்கு மட்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். அது எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும் சரி.

ரயிலில் போவதாக இருந்தால் இரண்டே வழி. ஃபர்ஸ்ட் ஏசியில் இரண்டு பெர்த் கூபேயையோ நாலு பெர்த் கேபினையோ முழுதாக உங்கள் பேரிலேயே பதிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு. செகண்ட் ஏசி, தேர்ட் ஏசி, ஸ்லீப்பரில் அனுமதி இல்லை. ஒருவர் மட்டும் போனாலும் கூபேக்கு இரண்டு டிக்கெட் வாங்க வேண்டும். கூபே கிடைத்ததா என்பது பெரும்பாலும் சார்ட் போட்ட பிறகுதான் தெரியும். கூண்டில் ஏசி கிடையாது. வேலூர்க்காரர்கள் ரயில் ஏறும் காட்பாடி, வழியில் உள்ள ஸ்டேஷன்தான்; வண்டி சில நிமிடம்தான் நிற்கும், கார்டு பெட்டியோ பிளாட்பாரக் கோடியில் இருக்கும். கோடையில் கூண்டில் போட்டு அனுப்புவதைவிட நாயை வீட்டில் யாரிடமாவது விட்டுப் போவது மேல்.

நாயைப் பதிவுசெய்யும் பார்சல் ஆபீஸில் டிக்கெட் நகல், அடையாள அட்டை, தடுப்பூசி அட்டை, பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் கொடுத்த சான்று கேட்பார்கள். சான்றைப் பல நாள் முன்னால் வாங்கிவைத்தால் செல்லாமல் போகலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்குங்கள். வெறிநாய் ஊசியை மட்டும் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். முதல் முறை போடும் குட்டிக்கு மூன்று வாரம் கழித்துத்தான் எதிர்ப்புச் சக்தி வந்ததாகக் கணக்கு. அட்டையில் தேதி, பேட்ச் நம்பர் ஸ்டிக்கர், டாக்டரின் கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கிறதா என்று கிளினிக்கிலேயே சரிபார்த்துக்கொண்டு வாருங்கள்.