தண்ணீரை முதலில் குடித்தது யார்?

“அப்பவும் நாம சொல்லத்தானே சார் செய்யறோம்? ‘நண்பன்’னு சொல்லாம ‘குடிச்சான்’னு சொல்றோம். அவ்வளவுதானே வித்தியாசம்?”

கதையில் நட்பைச் சொல்லாதீர்கள், காட்டுங்கள் என்று நான் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஒலித்தொடரின் எழுத்தாளர் கேட்டது இது. இதற்கு நான் அன்று சொன்ன பதில், “அது வேற, இது வேற.” கதைப் பிரிவில் மூத்தவன் சொன்னதால் அது பதில் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டு வந்தார். நன்றாகவே எழுதியிருந்தார். அந்த ஒலித்தொடரின் முதல் பருவம் ஓடி முடிந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் என்னை விடுவதாயில்லை.

தொடர், எல்லாரும் கேட்கிற மாதிரியான மாயாஜாலக் கதைதான். மலைக்கோட்டை, சாபம் ஏறிய இரும்பு, பேசும் யாளி எல்லாம் உண்டு. நடுவே இரண்டு பையன்கள். வேளன் கொல்லன் மகன், நாகன் கோட்டையின் இளவரசன். இவர்கள் நண்பர்களாகி, பிறகு பிரிந்து, எதிரெதிர்ப் படையில் நிற்பதுதான் கதையின் முதுகெலும்பு. யாளியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கண் சிவந்தது, குகை அதிர்ந்தது என்று நாலு வரி போதும், மிச்சத்தை ஒலிப்பதிவாளர் பார்த்துக்கொள்வார். இந்த இரண்டு பையன்களுக்கும் நடுவில் இருப்பதை எழுதத்தான் ஆள் வேண்டும்.

அவர் முதலில் கொண்டுவந்த பிரதியில் கதைசொல்லிக்கு இப்படி ஒரு பத்தி இருந்தது: “அன்று முதல் வேளனும் நாகனும் ஈருடல் ஓருயிராகப் பழகினார்கள். ஒருவருக்காக ஒருவர் உயிரையும் கொடுக்கத் துணிந்தார்கள்.” நான் முழுதாக அடித்துவிட்டேன். அடித்தது சரியென்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ‘ஈருடல் ஓருயிர்’ கேட்டுக் கேட்டுத் தேய்ந்த தொடர், காது அதில் நிற்காது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்த நட்பு பின்னால் உடையப் போகிறது. உடைகிற நேரத்தில் கேட்பவருக்கு ‘இது போச்சே’ என்று தோன்ற வேண்டுமானால், அந்த ‘இது’ அவருக்கு முன்கூட்டியே பழக்கமாகியிருக்க வேண்டும். உயிரையும் கொடுக்கத் துணிந்தார்கள் என்பதில் பழகுவதற்கு என்ன இருக்கிறது?

அவரிடம் ஒன்று கேட்டேன்: “மத்தவங்க யார்கிட்டயும் செய்யாத எதை இவன் இவன்கிட்ட மட்டும் செய்வான்?”

அவர் இரண்டு நாள் கழித்துத் தண்ணீரோடு வந்தார். நாகனின் சித்தப்பாவை விஷம் வைத்துக் கொன்றிருக்கிறார்கள். அரண்மனையில் இளவரசனின் உணவை முதலில் ருசி பார்க்க ஆள் உண்டு, காட்டில் கிடையாது. வழியில் யாரோ ஒரு கிழவி சுரைக்குடுவையில் தண்ணீர் கொடுக்கிறாள். நாகன் வாயருகே கொண்டுபோகும்போது வேளன் வெடுக்கென்று பிடுங்கி ஒரு மிடறு குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கிறான். “கேட்டுட்டுக் குடிக்க மாட்டியா?” என்று நாகன் எரிந்து விழுகிறான். “தாகம்” என்கிறான் வேளன். அவ்வளவுதான். அப்புறம் எங்கே எந்தக் கலயம் வந்தாலும் முதல் மிடறு வேளனுடையது. ஏன் என்று அவன் ஒருநாளும் சொல்வதில்லை. நாகனும் ஒரு கட்டத்துக்குமேல் கேட்பதில்லை, தானே குடுவையை அவன் பக்கம் நீட்ட ஆரம்பிக்கிறான்.

படித்ததும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உரிமை எடுத்துக்கொண்டு நண்பர் கேளாமல் செய்ததை விரும்பி ஏற்பதைப் பற்றி வள்ளுவர் பழைமை அதிகாரத்தில் சொல்கிறாரே, 804ஆம் குறள், அது அப்படியே நடந்த மாதிரி இருந்தது. அந்த ‘நீட்ட ஆரம்பிக்கிறான்’ இருக்கிறதே, அதற்காகவே அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்கலாம். (கூட்டிக் கொடுக்கிற அதிகாரம் என்னிடம் இல்லை.)

சிக்கல் ஒலிப்பதிவில் வந்தது. ஒலிப்பதிவாளர் பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இளவரசன் குடிச்சாலும் கொல்லன் மகன் குடிச்சாலும் மடக் மடக்குனு ஒரே சத்தந்தான் சார். யார் குடிச்சதுன்னு எப்படித் தெரியும்?” உண்மைதானே. திரையில் இது ஒரு நொடிக் காட்சி. புத்தகத்தில் ஒரு வரி. காதுக்கு மட்டும் எழுதும்போது, காட்டுவதென்றால் யாராவது வாய் திறந்து சொல்லியாக வேண்டும். அதனால் ‘வேளன் குடித்தான்’ என்று கதைசொல்லிக்கு வரி எழுதச் சொன்னேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

‘அது வேற, இது வேற’ என்றது எனக்கே போதாமல் இருந்ததால், மதியம் சாப்பிட்டு வந்ததும் புறநானூற்றை எடுத்துவைத்தேன். 216ஆம் பாட்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது உண்ணாநோன்பிருந்து, உயிர்விட உட்கார்ந்துவிட்டான். பாண்டிய நாட்டிலிருந்து பிசிராந்தையார் வருவார் என்கிறான். இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டதோடு சரி, நேரில் பார்த்ததில்லை. சுற்றியிருந்தவர்களுக்குச் சந்தேகம், இந்த நேரத்தில் அந்த மனிதர் எங்கே வரப்போகிறார் என்று. ‘ஒழிக்க அவற்கு இடமே’ என்று முடிக்கிறான் சோழன். அவருக்கு இடம் விட்டுவையுங்கள். “பாத்தீங்களா, அவர் எனக்கு எப்பேர்ப்பட்ட நண்பர் தெரியுமான்னு ஒரு வார்த்தை கிடையாது. இடத்தை மட்டும் காலியா வைக்கச் சொல்றான். இதைத்தான் நான் கேட்கறேன்” என்றேன். நல்ல உதாரணம் சொல்லிவிட்ட திருப்தியில் டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் அவர் அந்தப் பாட்டை முழுசாகப் படித்துவிட்டு வந்திருந்தார்.

“சார், கடைசி வரி நீங்க சொன்னதுதான். ஆனா அதுக்கு முன்னாடி வரிசையா சொல்லிட்டுதானே வர்றார்? இகழ்விலன், இனியன், யாத்த நண்பினன். பொய் வேண்டாதவன்னு வேற. எல்லாம் சொல்றதுதானே?”

எல்லாம் சொல்வதுதான். கடைசி வரியை மட்டும் மனத்தில் வைத்திருந்த நான் அந்த அடுக்கை மறந்துபோயிருந்தேன். சமாளித்தேன்: “அதுலயே பாருங்க, பிசிராந்தையார் தன் பேரைச் சொல்லும்போது ‘என் பெயர் பேதைச் சோழன்’னு சொல்வாராமே. அது காட்டறது.” அவர் விடவில்லை. “அதையும் சோழன்தானே சார் சொல்றார்? பிசிராந்தையார் அப்படிச் சொன்னதை நாம கேக்கலையே.” பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் கர்ணனை இழுத்துவந்தார். நட்பு என்று பேச்செடுத்தால் எங்கள் கதைக் கூட்டத்தில் யாராவது ஒருவர், தன் மனைவியின் மேகலை மணிகள் சிதறியதைக் கண்டும் சந்தேகப்படாமல் துரியோதனன் கர்ணனிடம் கேட்ட ‘எடுக்கவோ கோக்கவோ’வுக்குப் போயே தீருவார். வில்லிபாரதத்தில் அதுவும் கர்ணன் குந்தியிடம் சொல்லி நமக்குத் தெரிய வருவதுதான். மணி சிதறியபோது நாம் அங்கே இல்லை. இப்படி எனக்கு எதிராகவே எல்லாம் சேர்ந்துகொண்டிருந்ததால் கூட்டத்தை முடித்துவிட்டேன்.

சொல்வதற்கும் காட்டுவதற்கும் வித்தியாசம் இல்லவே இல்லையா? இருக்கிறது. ‘இனியன்’ என்பதை நாம் ஏற்றுக்கொள்ளலாம், ஏற்காமலும் போகலாம். ‘இடம் விடுங்கள்’ என்று கேட்டதும் நாமே போய் அந்த இடத்தைப் பார்த்துவிடுகிறோம், யாரும் கேட்காமலே. இதை அன்றே இப்படிச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் என்ன கேட்டிருப்பார் என்றும் தெரியும்: அந்த அடுக்கு இல்லாமல் வெறும் கடைசி வரியை மட்டும் கொடுத்தால் யாருக்கு இடம் என்று நமக்கு என்ன புரியும்?

அப்புறம் பிரிவு அத்தியாயம். நாகன் முடிசூடிவிட்டான், காதில் ஓதுகிறவர்கள் சூழ்ந்துவிட்டார்கள். பாசறையில் தண்ணீர் வருகிறது. வழக்கம்போல் வேளன் கை நீட்டுகிறான். அதற்குள் நாகன் தானே எடுத்துக் குடித்துவிடுகிறான். விஷத்துக்குப் பயப்படாமல், நண்பனுக்குப் பயந்து. நான் பிடிவாதமாக இந்த இடத்தில் கதைசொல்லிக்கு ஒரு சொல்கூட வைக்கவிடவில்லை. மடக் மடக் சத்தம், பிறகு மூன்று வினாடி அமைதி, பிறகு வெளியே முரசு. இத்தனை அத்தியாயமாகப் பழக்கிவைத்திருக்கிறோம், கேட்பவருக்குப் புரியும் என்றேன்.

பதிவு நடந்த அன்று நான் அங்கே இல்லை. நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் கதைசொல்லி வானொலி நாடகக் காலத்து ஆள், எல்லாருக்கும் அய்யா. அந்த இடம் வந்ததும் பிரதியை இறக்கிவைத்துவிட்டு, “ஏம்மா, இங்க எனக்கு ஒண்ணும் இல்லையா?” என்றிருக்கிறார். நம் எழுத்தாளர் என் வாதத்தை அப்படியே எடுத்துச் சொல்லியிருக்கிறார், விசுவாசமாக. அய்யா சிரித்திருக்கிறார். “கேக்குறவ பாத்திரம் விளக்கிக்கிட்டே கேக்குறாம்மா. அவ குழாய்ல தண்ணி ஓடுற சத்தத்துல உன் தண்ணி கேக்குமா?”

இவர் அங்கேயே நின்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். “நாகன் குடித்தான். வேளன் நீட்டிய கை பாதி வழியில் நின்றது.”

இறுதிப் பிரதியைக் கேட்டபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. வெட்டச் சொல்லியிருக்கலாம், அந்த உரிமை என்னிடம் இருந்தது. வெட்டவில்லை. வரி நன்றாக இருந்ததால் விட்டேன் என்று கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். அது உண்மைதான். முரசு அந்த வரியோடு சேர்த்துக் கலக்கப்பட்டுவிட்டது, மறுநாள் வெளியீடு என்பதும் உண்மைதான். இரண்டில் எது முந்தியது என்று யோசித்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வருகிறது.

‘கை பாதி வழியில் நின்றது’ என்பது சொல்வதா, காட்டுவதா? ‘அந்த நொடியில் நட்பு முறிந்தது’ என்று எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவர் எழுதியது ஒரு கை எங்கே நின்றது என்பது மட்டும். அப்படிப் பார்த்தால் என் கட்சிதான் ஜெயித்தது. ஆனால் நான் கேட்டது அமைதி, வந்தது வாக்கியம்.

பருவம் முடிந்த பிறகு ஒரு ரயில் பயணத்தில், வேலைக்காக இல்லாமல், காதில் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டேன். அலுவலகத்தில் நாங்கள் கேட்கும் கோப்பில் கதை மட்டும்தான் இருக்கும். செயலியில் வருவதில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்னால் முன்கதைச் சுருக்கம் ஒன்று ஒட்டியிருக்கும். அதை எழுதுவது விளம்பரப் பிரிவு. தெரிந்த விஷயம்தான், கவனித்ததில்லை. அதில் ஒரு கணீர்க் குரல், ஒவ்வொரு முறையும்: “உயிர்த்தோழர்களான வேளனும் நாகனும்…”

ஒவ்வொரு முறையும்! நான் ஒரு பத்தியை அடித்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலம் முழுக்க, அடுத்த அறையில் ஒருவர் அதையே நாள் தவறாமல் கேட்பவர் காதில் ஓதிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் காலத்து வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் தலைப்புக்குக் கீழே முன்கதைச் சுருக்கம் இருக்குமே, போன வாரம் இதழ் கிடைக்காதவருக்காக. தொடர் என்று வந்துவிட்டால் அது இல்லாமல் முடியாது. நாம் கதைக்குள்ளிருந்து எடுத்த வரி கதைக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். சோழனின் பாட்டில் ‘இகழ்விலன், இனியன்’ செய்த வேலையை இங்கே விளம்பரக்காரர் செய்திருக்கிறாரோ என்னவோ. அப்படியானால் அந்தச் சுரைக்குடுவை தானாகவே நின்றதா, அந்தக் குரலின் தோளில் நின்றதா? பிரித்துப் பார்க்க வழியில்லை. சுருக்கம் இல்லாமல் யாரும் அந்தத் தொடரைக் கேட்டதில்லை, எங்களைத் தவிர.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நட்பைப் பற்றி வரும் கடிதங்களில் தண்ணீரைச் சொல்கிறவர்கள் உண்டு. அதைவிட அதிகம் பேர் சொல்வது சிறைக் காட்சியை. காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்கிற நாகனிடம் வேளன், “உன்னை மாதிரி ஒருத்தன் எனக்கு இனிமே வாய்க்க மாட்டான்டா” என்கிறான். பச்சையாகச் சொல்வது. அந்த வரியையும் எடுத்துவிட நினைத்தேன். அத்தியாயம் நீளம் குறைவாக இருந்ததால் விட்டேன். இப்போது அதற்கும் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது: காது கேளாத நிலையில் இருப்பவனிடம் மட்டும்தான் அவனால் அதைச் சொல்ல முடிகிறது, ஆகவே அது ஒருவகையில் காட்டுவதுதான். இதை அவரிடம் சொல்லிப் பார்க்கவில்லை. “நல்லா இருந்தா காட்டறது, நல்லா இல்லேன்னா சொல்றதா சார்?” என்று கேட்பார்.

இரண்டாம் பருவத்துக்கு எழுத்தாளர் குழுவை அவர்தான் நடத்துகிறார். புதிதாக வந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கக் குறிப்பு கேட்டார். ‘நட்பைச் சொல்லாதீர்கள், காட்டுங்கள்’ என்று தொடங்கி எழுதி அனுப்பினேன். அதன் கீழே ‘கேட்பவர் பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கிறார்’ என்று ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். சேர்க்கலாமா என்று கேட்கவில்லை, சேர்த்துவிட்டார். முன்கதைச் சுருக்கத்தை இந்த முறை எங்கள் பிரிவுக்கே தரும்படி நானும் எழுதிக் கேட்டிருக்கிறேன், விளம்பரப் பிரிவிலிருந்து இன்னும் பதில் இல்லை. கிடைத்தாலும் ‘உயிர்த்தோழர்களான’ என்பதை முதல் சில அத்தியாயங்களில் எடுக்க மாட்டேன். பத்தாவதுக்கு மேல் எடுத்துப் பார்க்கலாம், எந்த நிமிடத்தில் எத்தனை பேர் விட்டுப் போகிறார்கள் என்பதுதான் எங்கள் கணினித் திரையில் தெரியுமே.