வலிக்கும்போதே ஸ்கேன் எடுத்துருங்க

பையனுக்குப் பதினாலு வயசுங்க. ரெண்டு வருசமா மாசத்துக்கு ஒருக்கா இடது விலாவுக்குக் கீழே பிடிச்சுக்கும், கூடவே வாந்தி. நாலஞ்சு மணி நேரத்துல தானாச் சரியாயிரும். அவங்க அம்மிச்சி சூட்டுவலின்னு வெந்தயம் ஊற வெச்சுக் கொடுத்தாங்க. கோபியில காட்டினப்ப அல்சர் மாத்திரை. ஒருக்கா எடுத்த ஸ்கேன்ல ‘இடது கிட்னியில லேசான வீக்கம்’னு இருந்துச்சு. வலியில்லாத நாள்ல எடுத்தது. யாரும் அதைப் பெருசா எடுத்துக்கலை, நானுந்தான்.

தோப்புல காய் வெட்டின அன்னிக்கு மூணு இளநீர் குடிச்சான். ஒரு மணி நேரத்துல சுருண்டு படுத்துட்டான். யோசிச்சுப் பார்த்தா, முந்தின தடவையும் விளையாடிட்டு வந்து சொம்பு சொம்பாத் தண்ணி குடிச்ச பிறகுதான் வந்திருக்குது.

ஈரோட்டு யூராலஜி டாக்டர் என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டு, அவன்கிட்டத் தனியாப் பேசினாரு. ஒண்ணுக்கு முக்கிப் போறானா, சொட்டுதா எல்லாம் கேட்டிருக்காரு. விதையையும் பார்த்தாராம்; அது முறுக்கிக்கிட்டாலும் சில பசங்களுக்கு அடிவயித்து வலியாத்தான் தெரியுமாம். ரெண்டு தடவை கட்டன்காப்பி நிறத்துல நீர் போனதை அவருகிட்டத்தான் சொல்லியிருக்கான். எங்ககிட்டச் சொல்ல வெக்கம். நெனைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்குதுங்க.

“அடுத்து வலி வந்தா, வலி இருக்கும்போதே ஸ்கேன் எடுத்துருங்க”ன்னாரு. அப்படியே எடுத்தோம். லேசான வீக்கம்னு சொன்ன அதே கிட்னி பலூனாட்டம் உப்பியிருந்துச்சு. கிட்னியும் நீர்க்குழாயும் சேர்ற இடத்துல பிறவியிலேயே அடைப்பு. இவனுக்கு ஒரு ரத்தக்குழாய் குறுக்கே போய் அந்த இடத்தை மடக்கிட்டிருக்குது. நெறையக் குடிச்சா இறங்க வழியில்லாம நீர் தேங்கிக்கும். வடிஞ்சதும் வலி போயிரும். ரத்தத்துல கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் நார்மல்தான். வலது கிட்னி நல்லா வேலை செஞ்சா அது ஏறாதாம், அதை நம்பி இருந்துறக் கூடாது.

கோயமுத்தூர்ல ரினோகிராம், ஒவ்வொரு கிட்னியும் எவ்வளவு வேலை செய்யுது, நீர் எப்படி வடியுதுன்னு பார்க்கிற ஸ்கேன். கையில மருந்து ஏத்திக் கேமராவுக்கு அடியில படுக்க வெச்சாங்க. திரையில வலது கிட்னிக் கோடு ஏறி இறங்கிருச்சு. இடதுக்கோடு ஏறினது ஏறினபடி நின்னுது, நீரை நெறையப் பிரிய வைக்கிற லாசிக்ஸ் ஊசி போட்டும் இறங்கலை. மொத்த வேலையில இடது கிட்னி பங்கு 36 சதவீதம்.

லேப்ராஸ்கோப்பியில அடைப்பைச் சரி பண்ற ஆபரேசன் முடிஞ்சு, நீர் வடிய உள்ளே வெச்ச ஸ்டென்ட்டுங்கிற சின்னக் குழாயை ஆறு வாரம் கழிச்சு எடுத்தாங்க. வீக்கம் இன்னும் கொஞ்சம் இருக்குது. அது முழுசாப் போகாட்டியும் நீர் தடையில்லாம வடியறதுதான் முக்கியம்னாரு டாக்டர். மறு ரினோகிராம் தை மாசத்துல. வலி நேரத்து ஸ்கேன் ஃபிலிமை ஃபைல்ல முதல் தாளா வெச்சிருக்கேன்.