ஆச்சியோட ட்ரங்க் பெட்டி

போன வாரம் பரண்ல கெடந்த பழைய ட்ரங்க் பெட்டிய இறக்கி மூடியத் தொறந்தேன், பாச்சா உருண்டையும் காஞ்ச வெத்தலையும் கலந்த ஒரு வாசம் குப்புன்னு மூக்குல ஏறுச்சு பாருங்க, அவ்ளோதான், இருபது வருஷம் முன்னாடி போய்ச் சேந்த எங்க ஆச்சி பக்கத்துல வந்து உக்காந்த மாதிரியே இருந்துச்சு, கண்ணுல தண்ணி நிக்கல. அவங்க போட்டோவ தினமும்தான் பாக்குறேன், ஒருநாளும் இப்படி ஆனதில்ல.

ஏன்னா பாக்குறது, கேக்குறது எல்லாம் மூளையில தலாமஸ்ங்கிற இடத்துக்குப் போயிட்டுதான் அடுத்த எடத்துக்குப் போகும். வாசனை மட்டும் மூக்குக்கு மேல இருக்குற ஆல்ஃபாக்டரி பல்ப்ல இருந்து நேரா, உணர்ச்சியப் பாத்துக்குற அமிக்டலாவுக்கே போயிடுது, ஞாபகத்த சேத்து வைக்கிற ஹிப்போகாம்பஸும் அதுக்குப் பக்கத்துலயேதான் இருக்கு. நம்ம மூக்குல வாசனையப் புடிக்கிற ரிசப்டர் சுமார் 400 வகை இருக்காம்! இதோட ஜீன்களை 1991ல ரிச்சர்ட் ஆக்ஸல், லிண்டா பக்னு ரெண்டு விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சாங்க, 2004ல நோபல் கெடச்சுது.

பெட்டிக்குள்ள ஒரு சுங்குடி சேலை, மடிப்புல ஒரே ஒரு கொட்டப்பாக்கு. எதையும் வெளிய எடுக்கல, சட்டுனு மூடிட்டேன், அந்த வாசம் போயிடக் கூடாதுல்ல.